கால் ரத்தக்குழாய் அடைப்புக்குப் பலூன் சிகிச்சை: நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோயாளியின் கால் விரல் கருத்துப்போனதும் "விரலை எடுத்துடலாம்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடுகிறது. அதற்குச் சம்மதம் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் காலுக்கு ரத்த ஓட்டம் பார்த்தாச்சா?" ரத்தம் வராத காலில் விரலை எடுத்தால் எடுத்த இடமும் ஆறாது. பிறகு பாதி பாதம், அதன் பிறகு முழங்காலுக்குக் கீழே என்று வெட்டு மேலேறிக்கொண்டே போகும். அடைப்பை முதலில் திறந்துவிட்டு, செத்துப்போன பகுதியை மட்டும் எடுத்தால் காப்பாற்றக்கூடிய கால்கள் நிறைய இருக்கின்றன.

அந்த அடைப்பைத் திறக்கப் பெரிய கீறலோ முழு மயக்கமோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் பலூனைக் கொண்டுபோய் விரிக்கிறார்கள். நோயாளி விழித்திருப்பார், பேசுவார். இதய ஆஞ்சியோபிளாஸ்டியைப் பற்றி நம் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தச் சிகிச்சை முதலில் செய்யப்பட்டது காலில்தான். 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில், கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் 80 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியின் தொடைக் குழாயைத் திறந்தார். விரல்கள் அழுகி, காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு, அந்த அம்மா மறுத்திருந்த நிலைமை அது. அப்போது பலூன் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழல்களைக் கொண்டே அடைப்பை அகலப்படுத்தினார். புண் ஆறியது, கால் தப்பியது. சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 1974-இல் பலூனைக் கால் குழாயில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 1977-இல்தான் அதை இதயக் குழாய்க்குள் கொண்டுபோனார்.

முதலில், இது அடைப்புதானா?

இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தொடை இடுக்கு வழியாகத் தொடைக்குள் இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் போய், அதன் கீழே மூன்று மெல்லிய கிளைகளாகிப் பாதத்துக்குப் போகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் அடைப்பு வருவது அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களில் அதிகம். இரண்டும் சேர்ந்தவருக்கு இரண்டு இடத்திலும் வரும்.

ஆரம்ப அறிகுறி நடக்கும்போது தெரியும். ஒரு குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும்தான். ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். "வயசாச்சு, வாதம்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் பலருக்கு இருப்பது இந்த அடைப்புதான்.

அடுத்த கட்டம் ஆபத்தானது. ராத்திரி படுத்ததும் பாதம் எரியும், குடையும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் அதை ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். தொங்கவிட்ட பாதம் சிவப்பாகத் தெரிவதால் "ரத்தம் நல்லாத்தானே ஓடுது" என்று ஏமாந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அவரை மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் ஒரு நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள். ஒரு பாதம் மட்டும் வெளுத்துப்போய், கீழே இறக்கியதும் மெல்ல மெல்லச் செக்கச்சிவந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு இந்த வலி தெரியாமலே போகலாம். அவர்களுக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக இருக்கும். செருப்புக் கடி, நகம் வெட்டும்போது பட்ட காயம், குதிகால் வெடிப்பு எதுவானாலும் இரண்டு வாரத்தில் ஆறும் போக்கே தெரியவில்லை என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்குள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு தெரியாத பாதம் வெந்துபோய், புண்ணின் மேல் புண்ணாகும். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கால் *திடீரென்று* சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாத வலி எடுத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது வேறு கதை. ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் தசை சாக ஆரம்பித்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எந்த டாக்டர், என்ன பரிசோதனை

ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர், அதாவது வாஸ்குலர் சர்ஜன்தான் முதலில் பார்க்க வேண்டியவர். சில மருத்துவமனைகளில் இந்தப் பலூன் சிகிச்சையை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது படம் பார்த்தபடியே குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் கதிரியக்க மருத்துவர் செய்வார், சில இடங்களில் இதய மருத்துவர். யார் செய்தாலும், பலூனும் பைபாஸும் (அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்று வழி போடும் அறுவை சிகிச்சை) இரண்டுமே செய்யக்கூடிய இடத்தில் ஒருமுறை கருத்துக் கேட்பது நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள்.

முதல் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பிரஷர் பட்டையைக் கட்டி, கைக்கு அடக்கமான ஒரு டாப்ளர் கருவியைக் குழாய் மேல் வைப்பார்கள். ரத்தம் பாயும் சத்தம் ஸ்பீக்கரில் 'உஷ்... உஷ்...' என்று கேட்கும். பட்டையில் காற்றை ஏற்றும்போது சத்தம் நிற்கும், இறக்கும்போது திரும்ப வரும். அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வருவதுதான் ஏ.பி.ஐ. கையில் 140, கணுக்காலில் 70 என்றால் 0.5. ஒன்று அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. 0.4-க்கும் கீழே போனால் கடுமையான நிலை.

இதில் ஒரு பொறி உண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையால் அதை நசுக்க முடியாது. அதனால் ஏ.பி.ஐ. 1.4-க்கு மேல் காட்டும், சில சமயம் 1.0, 1.1 என்று சாதாரணமாகக்கூடக் காட்டும். அறிக்கையில் நல்ல எண்ணைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். புண் ஆறாமல் இருந்து எண் மட்டும் நன்றாக இருந்தால், "கட்டை விரலில் பிரஷர் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். விரல் குழாய்களில் அப்படிப் படிவது குறைவு. அங்கே 30-க்கும் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன். அதன் பிறகு தேவைப்பட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம். அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், அதற்குக் கீழே பாதம் வரைக்கும் ஓடும் குழாய் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று இவை காட்டும். இந்தக் கடைசி விஷயம்தான் சிகிச்சையின் பலனைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மேலே எவ்வளவு அழகாகத் திறந்தாலும் கீழே போக வழி இல்லை என்றால் ரத்தம் தேங்கி மறுபடி அடைத்துவிடும்.

பலூன் எல்லோருக்கும் வேண்டாம்

நடந்தால் மட்டும் வலி, புண் இல்லை, ராத்திரி வலி இல்லை என்றால் அவசரமே இல்லை. இவர்களுக்கு முதல் மருந்து நடைதான். வாரம் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், மூன்று மாதம். வலி வரும் வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வலியோடு நடந்தால் கால் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். சுற்றுவழிச் சிறு குழாய்கள் நன்றாக வேலை செய்யவும் தசை கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் இந்தப் பயிற்சி உதவுகிறது. பாதத்தில் புண் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல். சிலருக்கு நடைதூரத்தைக் கூட்ட சிலோஸ்டசோல் தருவார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. பழைய இதயச் சீட்டு இருந்தால் மறக்காமல் காட்டுங்கள்.

சர்க்கரையும் இல்லை, வயது நாற்பதுகூட ஆகவில்லை, பீடியோ சிகரெட்டோ உண்டு, விரல் நுனி கருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பர்ஜர் நோய். கொழுப்புப் படிந்து வரும் அடைப்பு இல்லை அது, புகையிலையால் சிறு குழாய்களே வீங்கி மூடிக்கொள்கின்றன. பலூனோ பைபாஸோ அங்கே எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. புகையிலையை அறவே விட்டவர்கள் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், விடாதவர்கள் விரல் விரலாக இழக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, வாயில் அடக்கிக்கொள்ளும் ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை என்ற எந்தச் சலுகையும் இதில் கிடையாது.

ராத்திரி வலி, ஆறாத புண், கருத்த விரல் இருப்பவர்களுக்குத்தான் ரத்த ஓட்டத்தைத் திறந்தே ஆக வேண்டும். பலூனா, பைபாஸா என்ற கேள்வி வருவது அங்கேதான். இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்கிறேன். 2022-இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், காலில் நல்ல சிரை (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) இருந்து அதை வைத்துப் பைபாஸ் செய்யக்கூடியவர்களுக்குப் பைபாஸே நல்ல பலன் தந்தது. 2023-இல் பிரிட்டனிலிருந்து வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குப் பலூனை முதலில் செய்ததே மேலாக இருந்தது. ஆக, ஒரே பதில் எல்லோருக்கும் கிடையாது. வயது குறைவு, உடம்பு நல்ல தெம்பு, சிரையும் நன்றாக இருக்கிறது என்றால் பைபாஸைப் பற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள். எழுபது வயது, இதயம் பலவீனம், சிறுநீரகம் பாதி என்றால் ஊசி மரப்பில் முடிந்துவிடும் பலூன்தான் பெரும்பாலும் பாதுகாப்பு.

பணமும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்களுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை அதில் வருமா, அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு அட்டையை நீட்டினால் வேலைக்கு ஆகாது.

தனியாரில் செலவைக் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பலூன், அதில் மருந்து தடவியது எத்தனை, ஸ்டென்ட் (குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் உலோக வலைக்குழல்) வைக்க வாய்ப்பு உண்டா, ஒவ்வொன்றும் என்ன விலை என்று பிரித்துக் கேளுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது இதயக் குழாய் ஸ்டென்ட்டுக்காக. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு கால் சிகிச்சைக்குக் கணக்குப் போட்டால் துண்டு விழும்.

அட்மிஷனுக்கு முன் சொல்ல வேண்டியவை

சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரலைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். வார்ஃபரின் மாதிரி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பது சிறுநீரகத்தைப் பொறுத்தது, அதனால் நீங்களாக முடிவு செய்யாமல் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் இருக்கும் காலைவேளைக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பட்டினியாகக் காத்திருந்து, சுகர் இறங்கி வியர்த்து மயங்குபவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

சிறுநீரகம் முக்கியம். குழாயைப் படமெடுக்க விடும் டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) அதிகம் என்றால் முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவார்கள், டையைக் குறைத்துப் பயன்படுத்துவார்கள். கால் குழாய்க்கு டைக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டுப் படமெடுக்கும் வசதியும் சில இடங்களில் உண்டு. முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது டை ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பலரும் சொல்ல மறந்துவிடுவது இதுதான்: "என்னால் மல்லாக்கப் படுக்க முடியாது." ஊசி மரப்பில் செய்யும் சிகிச்சைக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை ஆடாமல் படுக்க வேண்டியிருக்கும். இதயக் கோளாறால் படுத்தால் மூச்சு முட்டுபவர், இருமல் விடாதவர், கூன் விழுந்தவர், ராத்திரி வலியால் காலை நீட்டவே முடியாதவர் எல்லோரும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வலிக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம், லேசான தூக்க மருந்து சேர்க்கலாம், காலுக்குப் போகும் நரம்பை மட்டும் மரக்க வைக்கலாம், முதுகில் ஊசி போடலாம். மேசையில் படுத்த பிறகு சொன்னால் இவற்றில் பாதிக்கு நேரம் இருக்காது.

மேசையின் மேல்

காலையில் இரண்டு தொடை இடுக்கிலும் முடி எடுத்துவிடுவார்கள். வெறும் வயிறு எத்தனை மணி நேரம் என்பதை அந்தந்த மருத்துவமனை சொல்லும். சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேப் குளிராக இருக்கும், போர்வை கேட்டால் தருவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு ஏறுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் நடுவில் அவசரம் வந்து நெளிந்தால் படம் கெட்டுவிடும்.

வலது காலில் அடைப்பு இருக்கும்போது இடது தொடையில் குத்துவதைப் பார்த்துப் பதறும் நோயாளிகள் நிறைய. தவறு இல்லை அது. இடது தொடை இடுக்கிலிருந்து மேலே ஏறி, வயிற்றில் குழாய் பிரியும் இடத்தைச் சுற்றி, வலது காலுக்குள் இறங்குவது வழக்கமான பாதை. அதே காலில் கீழ்நோக்கிக் குத்துவதும் உண்டு. கீழேயிருந்து வழி கிடைக்க வேண்டுமென்றால் பாதத்தில்கூட ஒரு ஊசி போடுவார்கள், சில சமயம் கையிலிருந்தும் போவார்கள். எந்த இடம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

மருந்தைப் பூசித் துடைத்துத் துணி போர்த்திய பிறகு மரத்துப்போகும் ஊசி. லிக்னோகெய்ன் உள்ளே போகும்போது சில நொடிகள் சுருக்கென்று எரியும், நோயாளிக்கு அன்று தெரியும் வலியில் இது ஒரு முக்கிய பங்கு. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மதமதத்துவிடும். அதன் பிறகு தொடுவதும் அழுத்துவதும் தெரியும், குத்தும் வலி தெரியக் கூடாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

ஊசியால் குழாயைக் குத்தி, அதன் வழியே கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேல் ஷீத் என்ற குட்டைக் குழலை ஏற்றுவார்கள். ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-இல் எழுதிய முறை இது. இன்றும் மாறவில்லை. வழக்கமான '6 ஃபிரெஞ்சு' அளவு ஷீத்தின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர். எல்லாமே இந்தத் துளை வழியாகத்தான் போய் வருகின்றன. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். டை விடும்போது அந்தக் கால் முழுக்கச் சூடாகும், சிலருக்குச் சிறுநீர் போய்விட்டது போலிருக்கும். போகவில்லை, டையின் சூடுதான்.

அதிக நேரம் பிடிப்பது பலூனுக்கு இல்லை, கம்பியை அடைப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதற்குத்தான். முழுவதும் அடைத்த குழாயில் டாக்டர் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கம்பியை நகர்த்துவார். வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு "ஒரு மணி நேரம்னு சொன்னாங்களே" என்று வயிற்றைக் கலக்கும் நேரம் இதுதான். அந்த நேரத்தில் திரையில் உங்கள் குழாயின் படத்தை நிறுத்தி வைத்து, அதன் மேல்தான் கம்பியை ஓட்டுகிறார்கள். கால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் படம் ஓரிடம், குழாய் ஓரிடம் என்று ஆகிவிடும், மறுபடி டை விட வேண்டும். "அசையாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்குத்தான்.

கம்பி தாண்டியதும் பலூன். தொடைக் குழாய்க்கு 5, 6 மில்லிமீட்டர் அளவு, கீழே 2.5, 3 மில்லிமீட்டர். கையால் திருகும் ஒரு பம்ப்பில் டை கலந்த நீரை ஏற்றி விரிப்பார்கள். இதயத்தில் சில நொடிகள் வைப்பதுபோல இல்லாமல் காலில் இரண்டு மூன்று நிமிடம் விரித்தே வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் வலி இருக்கும், பலூனைச் சுருக்கியதும் விட்டுவிடும். விடாமல் சுரீரென்று வலித்தால் உடனே சொல்லுங்கள், குழாய்ச் சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விழித்திருக்கும் நோயாளியின் வாய்ச்சொல்லைவிட வேகமான எச்சரிக்கைக் கருவி அந்த அறையில் இல்லை.

பலூனுக்குப் பிறகும் குழாய் சுருங்கினாலோ, உள் சுவர் பிசிறடித்தாலோ நைட்டினால் உலோகத்தில் செய்த, தானாக விரியும் ஸ்டென்ட் வைப்பார்கள். முழங்கால் மடங்கும் இடத்தில் முடிந்தவரை தவிர்ப்பார்கள், மடக்கி மடக்கி அது உடையக்கூடும். மருந்து தடவிய பலூனைப் பற்றி 2018 டிசம்பரில் உயிருக்கு ஆபத்து என்று ஒரு கணக்கு வெளியாகிப் பெரிய பயம் கிளம்பியது. கூடுதல் தரவுகளைப் பார்த்த பிறகு, அப்படிக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஜூலையில் அறிவித்துவிட்டது. பழைய செய்தியை யாராவது அனுப்பினால் கலங்க வேண்டாம்.

முடிந்த பிறகு முதல் சில மணி நேரம்

ஷீத்தை எடுத்ததும் அந்த இடத்தை ஒருவர் 15, 20 நிமிடம் கையால் அழுத்திப் பிடிப்பார், அல்லது துளையை மூடும் கருவி போடுவார்கள். அதன் பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது, தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. இருமல் வந்தால் கட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். டை வெளியேற, டாக்டர் தண்ணீருக்கு வரம்பு வைக்காதவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்கலாம்.

கூட இருப்பவருக்கு இப்போதுதான் வேலை. போர்வையை விலக்கி, கட்டு நனைகிறதா, சுற்றி வீங்கிக் கெட்டியாகிறதா என்று அடிக்கடி பாருங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்க வேண்டும். மறுபடி சில்லிட்டால் நர்ஸைக் கூப்பிடுங்கள். வெளியே எதுவுமே தெரியாமல், முதுகோ விலாவின் கீழ்ப்பக்கமோ வலித்து, வியர்த்து, தலை சுற்றினால் வயிற்றுக்குப் பின்னால் உள்ளுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், புண் இருப்பவர்கள் அதற்காகத் தங்க வேண்டியிருக்கும். தொடை இடுக்கில் நீலம் பாய்ந்தது சில நாளில் மஞ்சளாகி மறையும். துடிக்கும் கட்டி போல ஏதாவது தட்டுப்பட்டால் அது மறையும் வகை இல்லை, ஸ்கேன் வேண்டும். பாதம் சில நாள் வீங்கலாம். நாளாகக் காய்ந்து கிடந்த திசுவில் ரத்தம் பாய்வதால் அப்படி ஆகும். ஒரு வாரம் கனமாக எதையும் தூக்க வேண்டாம். டைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் கிரியாட்டினினை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தால் தவறவிடாதீர்கள்.

வீட்டில்

புண் உடனே ஆறாது. ரத்தம் வந்த பிறகுதான் ஆறவே ஆரம்பிக்கும், அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். கருத்த விரலை எடுக்க வேண்டியிருந்தால் இப்போது எடுத்தால் ஆறும். ஆறும் வரைக்கும் அந்தக் குழாய் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு. முழங்காலுக்குக் கீழே திறந்த குழாய்கள் மறுபடி சுருங்குவது சாதாரணம், சிலருக்கு இரண்டாவது முறை பலூன் தேவைப்படும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், "போன தடவை செஞ்சது வீணாப்போச்சு" என்று மனம் உடையாது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பல் டாக்டர் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினோடு ரிவராக்ஸபான் 2.5 மில்லிகிராம் காலை, மாலை தருவதும் இப்போது உண்டு, 2020-இல் வெளிவந்த வாயேஜர் ஆய்வுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. மலம் கருப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஸ்டாட்டினைக் கொழுப்பு அளவு நன்றாக வந்துவிட்டது என்பதற்காக விட வேண்டாம்.

தினமும் ராத்திரி படுப்பதற்கு முன் யாராவது ஒருவர் அந்தப் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம். நோயாளிக்குக் குனிந்து பார்க்க முடியாது, பார்வையும் மங்கியிருக்கலாம், அதனால் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட வேண்டாம். கோயிலுக்குப் போனால் வெயிலில் சுடும் கல் தரையில் கால் வைக்கும் நேரத்தைத் தவிர்த்து, விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள். விரல் இடுக்கில் வார் வரும் செருப்புக்குப் பதில் பாதத்தை மூடும், மென்மையான உள்பகுதி கொண்ட செருப்பு வாங்குங்கள். கால் ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள்.

டாப்ளர் ஸ்கேனுக்கு ஒரு மாதத்தில், பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில், அடுத்து ஒரு வருடத்தில் என்று வரச் சொல்வார்கள். வலி இல்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள், குழாய் பாதி சுருங்கும் வரைக்கும் வலி வராது. சுருங்கும்போதே கண்டுபிடித்தால் சின்னப் பலூனில் முடியும், முழுவதும் மூடிய பிறகு போனால் மறுபடி முதலிலிருந்து. போகும்போது சிகிச்சை செய்யாத மற்றக் காலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதய டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். காலில் அடைத்தவருக்கு இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம், ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொன்னால் "கால் நோய்க்கு இது எதுக்கு" என்று மறுக்காமல் எடுத்துவிடுங்கள்.